கடைசிச் சரணத்தில் எழும்பிய கோயில்

சீயோன்விளை சபையின் தேவாலயம் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற வேளையில். அதைக் கண்ணாரக் கண்டவர் கோயில்குட்டியார் மதுரநாயகம் ஒருவரே. ஆராதனைக்கு வந்த மற்றவர்கள் அனைவரும் அந்நேரம் உள்ளே பாய்களில் நின்று, கண்களை மூடி, கைகளைத் தட்டி, பாட்டின் கடைசிச் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள். மணியடித்தல், பாய் விரித்தல், நாய் விரட்டுதல், வாசலில் கழற்றிப் போடப்பட்ட செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்குதல், ஆராதனை முடியும்வரை வெளியே காவல் நிற்றல் ஆகிய ஊழியங்களை முப்பத்தொரு வருஷமாக ஒரு குறையுமின்றிச் செய்துவந்த அவர், ஒரு செருப்பின் ஜோடியைத் தேடிக் குனிந்திருந்த சமயத்தில், ஈர மண்ணிலிருந்து பனங்கிழங்கைப் பிடுங்கும்போது கேட்குமே, அப்படியொரு சிறிய ஓசை கேட்டு நிமிர்ந்தார். சுவரும் ஓடும் சிலுவையும் நூற்றெண்பது குடும்பமுமாகக் கோயில் ஒரு முழ உயரம் மேலே போய், சரணம் முடிகிறவரை அங்கேயே அமைதியாக நின்று, ஆமென் சொன்னவுடன் கீழே இறங்கி உட்கார்ந்தது. எழும்பிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தால்கூடப் பாதகமில்லை. எட்டு முழம் மேற்கே தள்ளி உட்கார்ந்தது.

அவர் மனத்தில் முதலாவது உண்டானது எரிச்சலே. வாசற்படிகள் மூன்றும் பழைய இடத்திலேயே நின்றன. அவற்றின் இருபுறமும் அடுக்கப்பட்டிருந்த செருப்புகளும் அங்கேயே கிடந்தன. மணிக்கூண்டும், முன்னோர்கள் அதைத் தனியே கல்லால் கட்டி வைத்தபடியால், அசையாமல் நின்றது. முகமெல்லாம் பிரகாசமாக வெளியே வந்த சபைச் செயலாளர் ஜோதிமுத்து, படி இருக்கும் என்று நம்பிக் காலை வைத்து, படியின்மையில் மிதித்து, முழங்கால் பட மண்ணில் விழுந்தார்.

"என்னவே குட்டியாரே, படியை எங்க கொண்டு போட்டேரு?"

"படி இருந்த எடத்துலதான் இருக்கு. கோயிலைத்தான் நீங்க எல்லாருமாச் சேர்ந்து இங்க கொண்டு போட்டுட்டிய."

"வெயிலு தலைக்கு ஏறிட்டா?"

"வெயிலு ஏறல. நீங்கதான் ஏறினிய."

ஒருவரும் நம்பவில்லை. உள்ளே இருந்தவர்களில் ஒரு குழந்தைக்குக்கூட எழும்பியது தெரிந்திருக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவளும், அவள் எடுத்துக் கொடுக்காவிட்டால் அந்தப் பக்கமே ஊமையாகிவிடும் என்று பெயர் பெற்றவளுமாகிய அவர் மனைவி ஞானசொர்ணத்திடமே கேட்டார். "எனக்கு என்ன தெரியும், நாங்க பாடிக்கிட்டுல்லா இருந்தோம்" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு சுடுமணலில் தன் செருப்பைத் தேடி நடந்தாள்.

அடுத்த ஞாயிறு ஒன்றரை முழம் எழும்பிப் பத்து முழம் நகர்ந்தது. மூன்றாம் ஞாயிறு ஊர் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட விதம்தான் மதுரநாயகத்துக்கு ஆறவில்லை. மார்பில் அடித்துக்கொண்டவர் ஒருவருமில்லை, முழங்காலில் விழுந்தவர் ஒருவருமில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கூடி, வாசலில் போட்டு எடுப்பதற்கு ஒரு மரமுக்காலி செய்யத் தீர்மானித்தார்கள். கரண்டு வேலை பார்க்கிறவன், கோயில் போகிற திசைக்கெல்லாம் நீளட்டும் என்று வயரைச் சுருளாக விட்டுக் கட்டினான். கல்யாணம் வைத்திருந்த ஒரு வீட்டார், கோயில் நகர்வதற்கு முன்னே போட்டோ எடுப்பதா பின்னே எடுப்பதா என்று ஐயரிடம் கேட்டார்கள். ஐயர் என்று சபையார் அழைக்கும் அந்தக் குருவானவர் மூன்று ஊருக்கும் சேர்த்து ஒருவராய் இருந்து மோட்டார் சைக்கிளில் அலைகிறவர். "எங்க இருக்கோ அங்க எடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். மதுரநாயகமோ கிழக்கே மணிக்கூண்டில் மணியடித்துவிட்டு, மேற்கே கோயிலுக்கு ஓடிப்போய் முக்காலி போட்டுவிட்டு, மறுபடி கிழக்கே ஓடிவந்து இரண்டாம் மணி அடித்துவிட்டு, இடையில் புகுந்த நாயையும் விரட்ட வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் பொறுத்தாலும் ஒன்றை அவரால் பொறுக்க முடியவில்லை. என்றைக்காவது ஒரு ஞாயிறு கோயில் எழும்பினது எழும்பினபடியே நேரே போய்விடும் என்று ஊரார் நம்பத் தொடங்கினார்கள். நம்பினதோடு நில்லாமல் அதற்கு ஆயத்தமும் செய்தார்கள். அந்துருண்டை மணக்கும் கல்யாணப் பட்டையும் வெள்ளைச் சட்டையையும் ஒவ்வொரு ஞாயிறும் உடுத்தி, வீட்டைப் பூட்டி, அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள்.

"குட்டியாரே, வச்சுக்கிடும். நீரு வெளியதான நிப்பேரு. நாங்க போயிட்டம்னா கோழிக்குத் தவுடு வையும்."

"எங்க வெள்ளாடு சினையா இருக்கு, ராத்திரி ஒரு பார்வை பாத்துக்கிடும்."

"தொட்டியில மீனு கெடக்கு. பேரப்புள்ள வாங்கினது. பொரி போட்டாப் போதும்."

இவ்விதமாக நூற்றெண்பது வீட்டுச் சாவியும் அவர் இடுப்பில் ஏறி, அரைஞாண் கயிறு அறுந்து, வேட்டியின்மேல் பெல்ட் கட்டும் நிலைக்கு வந்தார். ஊர் முழுவதும் மோட்சம் போகும், மதுரநாயகம் மட்டும் தவிட்டுச் சட்டியோடு நிற்பார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அதைத் துக்கமாகவும் ஒருவரும் சொல்லவில்லை; வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு போவதுபோலச் சொன்னார்கள். அவர் மனைவி சாவி கொடுக்கவில்லை. அவரிடமே ஒன்று இருந்ததே.

ஐந்தாம் ஞாயிறு கோயில் தன் காம்பவுண்டைத் தாண்டி எப்பிராயீமின் வாழைத்தோட்டத்தில் இறங்கியது. குலை தள்ளிய வாழைகள் பதினொன்று அடியில் போயின.

இந்த எப்பிராயீம் ஏழு வருஷமாகக் கோயில் வாசலை மிதியாதவர். அதற்குக் காரணம் ஒரு சேவல். அறுப்பின் பண்டிகையில் ஒவ்வொருவரும் தம் விளைச்சலில் நல்லதைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவதும், ஆராதனைக்குப் பின் அவற்றை ஏலம் போடுவதும், கொடுத்தவரே தம் பொருளைக் கூடுதல் விலைக்கு எடுத்து வீட்டுக்குக் கௌரவமாகக் கொண்டுபோவதும் அவ்வூர் வழக்கம். எப்பிராயீம் தாம் பிள்ளைபோல வளர்த்த செஞ்சேவலைக் கொடுத்தார். ஏலத்தில் கேட்டுக்கொண்டிருக்கையில் வேட்டி அவிழ, அதைக் கட்டக் குனிந்தார். நிமிர்வதற்குள் ஏலம் கூறிய ஜோதிமுத்து வேறொருவர் பேரில் மூன்றாந்தரம் முடித்துவிட்டார். எடுத்தவரோ வெளியூர் மாப்பிள்ளை. சேவல் அன்று மத்தியானமே குழம்பாயிற்று. அதன் வாசனை எப்பிராயீமின் வீடுவரை வந்தது. அன்று முறுக்கிக்கொண்டு போனவரை ஐயர்மார் இருவர் வந்து அழைத்தும் திரும்பவில்லை.

அப்படிப்பட்டவர் இப்போது மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"ஏழு வருஷமா நான் கோயிலுக்கு வரல. இப்பக் கோயிலு எந்தோட்டத்துக்கு வந்து நிக்கி. இது எந்த ஊரு நியாயம்வே?"

"நான் கொண்டு வரல."

"நீருதான காவலு?"

"காவலு செருப்புக்கு."

"அப்படின்னா இதையும் ஒரு செருப்புன்னு நெனச்சு எடுத்து ஓரமாப் போடும்!"

"எடுத்துப் போடுத சைஸாவே இது?" என்றார் மதுரநாயகம். சொன்னபின், காலையிலிருந்து ஒரு வாய்க் காப்பிகூடக் குடியாததை நினைத்து, வாழைமட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சபைக் கமிட்டி கூடிற்று. ஆராய்ந்து பார்த்ததில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அவ்வூர்ப் பாட்டுகள் யாவும் எண்பது வருஷத்துக்கு முன் அங்கே ஊழியம் செய்த ஓர் உபதேசியார் கட்டியவை. முதற்சரணத்தில் மலையும் கடலும் வரும், நடுச்சரணங்களில் பாவமும் சிலுவையும் வரும், கடைசிச் சரணத்தில் தவறாமல் பரலோகம் வரும். பூமியைப் பாடும்வரை கோயில் பூமியில் இருந்தது. பரலோகத்தைப் பாடினவுடன் எழும்பியது. ஆகவே, "இனி மறுஉத்தரவு வரும்வரை எந்தப் பாட்டிலும் கடைசிச் சரணத்தைப் பாடுவதில்லை" என்று ஜோதிமுத்து தீர்மானம் எழுதினார். ஐயர் தலையில் கைவைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். பாடிப் பழகிய வாய்கள் தாமே நிற்கமாட்டா என்பதால், கடைசிக்கு முந்தின சரணம் முடிந்த மறுகணமே மணியை ஓங்கி அடித்து நிறுத்தும் பொறுப்பு மதுரநாயகத்துக்குக் கிடைத்தது.

"இந்த எழவு வேலையும் என் தலையிலயா?" என்று எல்லார் முன்னிலும் சலித்துக்கொண்டார். ஆனால் அடுத்த ஞாயிறு அவர் அந்த மணியை அடித்த அடியில், கூண்டிலிருந்த புறாக்கள் பக்கத்து ஊருக்குக் குடிபோயின.

கோயில் நின்றது. ஊர்தான் நிற்கவில்லை. பாடாமல் விழுங்கப்பட்ட சரணம் ஒவ்வொருவர் தொண்டையிலும் மீன்முள்ளைப்போல நின்றுகொண்டு வாரம் முழுவதும் உறுத்தியது. உறுத்துகிறதே என்று சற்று முனகினால் போதும், முனகினவர் எழும்பினார். குழாயடியில் நின்ற ஒருத்தி வாய்க்குள் அரைவரி பாடிக் குடத்தோடு மதிற்சுவர் உயரம் போனாள். ரேஷன் கடை வரிசையில் முன்னே நின்றவர் மேலே போக, பின்னே நின்றவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் இறங்கிவந்ததும் சண்டை போட்டார். அடுப்படிகளில் சட்டி மூடிகள் மிதந்தன. டவுன் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்த மூன்று பெண்கள் சேர்ந்து முணுமுணுக்கவே, பின்சக்கரம் இரண்டும் ரோட்டை விட்டன. கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, நீங்க எடுத்த டிக்கெட்டு தரையில போறதுக்கு" என்று கெஞ்சினார். எது நடந்தாலும் ஆள் வந்தது மதுரநாயகத்தின் வீட்டுக்கே.

"குட்டியாரே, ஓடி வாரும், எங்க மாமியா பரணுக்கு மேல நிக்கா."

"பாடாதன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். 'நான் எங்க பாடினேன், கொட்டாவி விட்டேன்'ங்கா."

கம்பும் கயிறுமாக ஊரை இறக்கி இறக்கி அவர் தோள் வீங்கிற்று. ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒன்றும் எழும்பவில்லை, ஒரு தட்டுகூட அசையவில்லை; அது அவர் வீடு. ஞானசொர்ணம் வாய் திறப்பதே இல்லை. சோறு வைப்பாள், ரசம் ஊற்றுவாள், எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள். நான்காம் வாரம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னட்டி, ஊரே அங்கங்க கெளம்பி நிக்கி. நீ மட்டும் தரையில கெடக்க. உனக்குத் தொண்டையில ஒண்ணும் உறுத்தலியா?"

"உறுத்துது."

"பின்ன?"

"தனியாப் பாடி எழும்புததுக்கு நான் என்ன காத்தாடியா? பாடினா எல்லாரோடயும் பாடணும். ஒரு பக்கம் ஆம்பளைய, ஒரு பக்கம் பொம்பளைய, பின்னால புள்ளைய கத்துத கத்து, கைத்தட்டு, ஜோதிமுத்து அண்ணாச்சி தாளம் தப்புதது. எல்லாம் வேணும். அந்தக் கடைசிச் சரணத்துல எனக்கு ஆறு நாளு வேலையும் ஒண்ணுமில்லாமப் போவும். அதைத்தான் மணியடிச்சு நிறுத்துதிய."

"கமிட்டி சொல்லுது, அடிக்கேன்."

"கமிட்டி அடிக்கத்தான் சொல்லிச்சு. இடிக்கச் சொல்லல."

மதுரநாயகம் கையை உதறிவிட்டு எழுந்தார். "ஆமா, இடிச்சேன். இடிப்பேன்! எல்லாரோடயும் நீ போயிட்டா நான் இங்க என்ன செய்ய? நூத்தியெம்பது வீட்டுக் கோழிக்குத் தவுடு வச்சுக்கிட்டு, வெள்ளாட்டுக்குப் பிரசவம் பாத்துக்கிட்டு, ராத்திரி வந்து ஆருகிட்டட்டி சோறு கேப்பேன்? ஒரு ஆளாவது, 'மதுரநாயகம், நீரும் வாரும்'னு சொன்னானாட்டி? சாவியைத் தாரான்! வெளக்கைப் பொருத்தி வையும்ங்கான்!"

ஞானசொர்ணம் ரசக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். பின்பு, "ரசம் ஆறுது, உக்காருங்க" என்றாள்.

ஐப்பசி பிறந்து பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. அன்று அசனம், சபையார் எல்லாரும், ஏழை பணக்காரர் என்ற வித்தியாசமின்றி, ஒரே பந்தியில் இருந்து உண்ணும் விருந்து. விடியுமுன்பே பன்னிரண்டு செம்பு அண்டாவில் சோறு வெந்தது. ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் கொதிக்கிற மணம், எப்பிராயீமின் வாழைத்தோட்டத்தைக் கடந்து பெருவழிச் சாலைவரை போயிற்று. வெளியூரில் பிழைக்கிறவர்களும் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். ஆராதனை முடிகிற நேரம் சமையற்காரர்களும் கரண்டியைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கடைசிப் பாட்டுக்கு உள்ளே ஓடினார்கள்.

மதுரநாயகம் மணிக்கூண்டில் கயிற்றைப் பிடித்து நின்றார். திறந்த கதவு வழியே உள்ளே எல்லாம் தெரிந்தது. கடைசிக்கு முந்தின சரணம் முடிந்தது. எல்லாரும் மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, பழக்கத்தின்படி மணிக்காகத் தோள்களைக் குறுக்கிக்கொண்டார்கள். அந்த மௌனத்தை அவர் எட்டு ஞாயிறாகக் கேட்டு வந்திருந்தார். இலை போட்டுத் தண்ணீர் தெளித்துச் சோறு வைக்காமல் போன பந்தியைப்போல அது இருந்தது. பெண்கள் பக்கத்தில் ஞானசொர்ணம் அவரைப் பார்க்கவில்லை. உதடுகளை இறுக்கி, தலையைக் குனிந்து நின்றாள். மற்ற ஞாயிறுகளிலும் அப்படித்தான் நின்றிருப்பாள் என்பது அப்போதுதான் அவர் புத்திக்கு எட்டியது.

"போங்க, எல்லாரும் போய்த் தொலைங்க!" என்று சொல்லிக் கயிற்றை விட்டுவிட்டார்.

எட்டு வாரப் பசியோடு சரணம் புறப்பட்டது. கோயில் ஒரு முழத்திலும் இரண்டு முழத்திலும் நிற்கவில்லை. வாழையைத் தாண்டிற்று, தென்னையைத் தாண்டிற்று, உச்சிப்பனையின் குருத்துக்கு மேலே போயிற்று. கடைக்கால் கற்களிலிருந்து மண் உதிர்ந்து அவர் கண்ணில் விழுந்தது. பூமியில் அப்போது நின்றவர்கள் இருவர்: இடுப்பில் சாவிகளோடு மதுரநாயகம், தம் வீட்டு மதிலோரம், பாராததுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு எப்பிராயீம். கோயிலில் அந்தக் கடைசி அடியை மூன்றுதரம் பாடினார்கள், ஏழுதரம் பாடினார்கள். ஓடுகள் கலகலத்தன, சிலுவை நடுங்கிற்று. ஆனால் பனை உயரத்துக்கு மேலே ஒரு விரற்கடைகூடக் கோயில் ஏறவில்லை. கடைசியில் களைத்த கோழி அடைக்கு உட்காருவதுபோல மெள்ள இறங்கி, எப்பிராயீமின் கிணற்றை ஒட்டி உட்கார்ந்தது.

வெளியே வந்தவர்களில் ஒருவர் முகத்திலும் பண்டிகைக் களை இல்லை. இம்முறை மட்டும் உள்ளே இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஏறினது தெரியவில்லை, நின்றுபோனது தெரிந்தது. ஆண்கள் பக்கம் சுதி இறங்கிவிட்டது என்றார்கள் பெண்கள். புதிதாக மாட்டின பன்னிரண்டு பேனும் பாரம் என்றார் ஜோதிமுத்து. வெளியூர்க்காரர்களின் பெட்டிகளை உள்ளே வைத்திருக்கக்கூடாது என்றார் இன்னொருவர்.

ஞானசொர்ணம் முக்காலியில் ஏறி நின்றாள்.

"பேனும் இல்ல, பெட்டியும் இல்ல. என்ன பாடுதம்னு யாராவது காதுகுடுத்துப் பாடுதியளா? 'வாசலுக்கு வெளியே ஒருவரும் இல்லா நாளிலே, வாழ்த்தி நாம் அவர்முகம் காண்போமே.' எம்பது வருஷமாப் பாடுதோம். வெளிய ரெண்டு பேரை வெயில்ல நிறுத்தி வச்சுக்கிட்டு, ஒருத்தரும் இல்லன்னு பாடினா எப்படிப் போவும்? பொய்ப்பாட்டுக்கு இந்தமட்டும் தூக்கினதே பெருசு!"

வழக்கம்போல, எல்லாரும் மதுரநாயகத்தின்மேல் பாய்ந்தார்கள்.

"அப்போ நீருதானாவே இத்தனை நாளும் தடையா நின்னது?"

"முப்பத்தொரு வருஷமா உள்ள வராம வெளிய என்னவே செய்தேரு?"

அவர் சாவிகளைக் கொத்தோடு கழற்றித் தரையில் போட்டார். அந்தச் சத்தத்தில் அசனச் செம்பைச் சுற்றிநின்ற நாய்கள் சிதறி ஓடின.

அடுத்த ஞாயிறு மணி அடிக்கப்படவில்லை. நாயை ஒருவரும் விரட்டவில்லை. செருப்புகள் இஷ்டப்படி கிடந்தன. மதுரநாயகம், புது மாப்பிள்ளையைப்போலக் கூசிக்கொண்டு, ஆண்கள் பக்கத்தில் சன்னலை ஒட்டிய பாயில் இடம்பிடித்து, எழும்பும்போது விழுந்துவிடாதபடி தூணைக் கட்டிக்கொண்டார். முதற்சரணம் வந்தது, நடுச்சரணங்கள் வந்தன. வெளியே நின்று கேட்ட நாளெல்லாம் சுவருக்கு அப்பால் ஒரே இரைச்சலாக வந்த பாட்டு, உள்ளே ஆளாளாகப் பிரிந்து கேட்டது: இடப்பக்கத்தவருக்கு வரி மறந்தது, பின்னேயிருந்த கிழவர் மூச்சு வாங்கி அரைவரி பிந்தினார், ஜோதிமுத்து சொன்னபடியே தாளம் தப்பினார், ஒரு கைக்குழந்தை எல்லாருக்கும் மேலே கத்திற்று, இத்தனை தப்பையும் ஒரு கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு அவர் மனைவியின் குரல் முன்னே போயிற்று. இவ்வளவு தப்போடும் ஒன்று இவ்வளவு சரியாக இருக்கக்கூடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எப்போது தூணை விட்டார், எப்போது கைதட்டத் தொடங்கினார், எப்போது தம் வாயிலிருந்தும் பாட்டு வந்தது என்று அவர் அறியார். கோயில் எழும்பிற்றா என்று கவனிக்கவேண்டும் என்ற நினைவே போய்விட்டது. முப்பத்தொரு வருஷத்து வெயில் தோளிலிருந்து இறங்கினது ஒன்றுதான் தெரிந்தது.

காவலாளியின் கண் மட்டும் பழக்கத்தால் சன்னல் பக்கம் போயிற்று. பனங்குருத்துகள் காலுக்குக் கீழே தெரிந்தன. அவற்றுக்கும் கீழே, கிணற்றடியில், தலையில் துண்டோடு, ஒரு கட்டெறும்பு அளவில் எப்பிராயீம் அண்ணாந்து நின்றார். இம்முறை முதுகைக் காட்டவில்லை. அந்த முகத்தை மதுரநாயகம் உற்றுப்பார்த்தார். அந்த நிற்பு அவர் தாமே நின்ற நிற்பு. கோயில் மேலே போகாமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் பாட்டை விட்டுவிட்டுச் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"ஏ எப்பிராயீமு! அங்க என்னவே வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்கேரு? உம்மாலதாம்வே இம்புட்டுப் பேரும் அந்தரத்துல தொங்குதோம்! வாரும்வே உள்ள!"

எப்பிராயீம் கீழேயிருந்து கையைக் குவித்துக் கத்தினார். "மூணாந்தரம் ஏன் அவசரப்பட்டான்னு அந்த ஜோதிமுத்துகிட்ட முதல்ல கேளும்!"

ஜோதிமுத்துவின் காதில் அது விழுந்தது. கடைசி அடியின் ராகத்தை விடாமலே, முதன்முறையாகத் தாளமும் தப்பாமல், சன்னலுக்கு வந்து பாடினார்: "தப்பு என்மேல அண்ணாச்சி, தப்பு என்மேலதான், ஏழு வருஷமாச் சொல்ல வாய் வரல அண்ணாச்சி!"

எப்பிராயீம் துண்டைத் தலையிலிருந்து எடுத்து உதறினார். ஐயர், பாட்டு முடிகிறதே என்று ஆமென் சொல்ல வாயெடுத்தார். மதுரநாயகம் பாய்ந்து அவர் அங்கியைப் பிடித்தார். "சொல்லிப்புடாதிங்க ஐயரே! சொன்னா முடிஞ்சுது. பிடிங்க, எல்லாரும் அந்தக் கடைசி எழுத்தைப் பிடிங்க!"

"காண்போமே" என்ற சொல்லின் கடைசி எழுத்தை நூற்றெண்பது குடும்பமும் பிடித்துக்கொண்டது. ஞானசொர்ணம் கையைத் தாழ்த்திக் காட்ட, குரல்களும் தாழ்ந்தன. குரல் தாழத் தாழக் கோயிலும் பனையளவிலிருந்து தென்னையளவுக்கும், தென்னையளவிலிருந்து வாழையளவுக்கும் இறங்கி, தரைக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது. மூச்சு வாங்குகிறவர் வாங்க, வாங்கினவர் தொடர, எழுத்து அறாமல் நின்றது. கழுத்து நரம்புகள் புடைத்தன. ஐயரின் முகம் மாதுளம்பூவாகச் சிவந்தது. கைக்குழந்தைகூடத் தன் பங்குக்கு அழுகையை விடாமல் நீட்டிற்று.

எப்பிராயீம் அவசரப்படாமல் நடந்துவந்தார். வேட்டியை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டார். வாசலருகே வந்து நின்று, உள்ளே கண்ணீரும் வேர்வையுமாக நிற்கிற ஊரை ஒருதரம் பார்த்தார். பின்பு குனிந்து தம் கால்களைப் பார்த்தார். வாழைத்தோட்டத்துச் சேறு கணுக்கால்வரை அப்பியிருந்தது.

"சேத்துக் காலோட ஆராதனைக்கு வந்து எனக்குப் பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டு, திரும்பிக் கிணற்றடிக்குப் போனார்.

மதுரநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டாலும் எழுத்தை விடவில்லை. ஞானசொர்ணம் தன் பக்கத்தை விட்டு வந்து, அவர் தோளோடு தோளாக வாசலில் நின்று, கண்களில் நீர் வழியச் சிரித்தபடி அதே எழுத்தைப் பிடித்தாள். வெளியே எப்பிராயீம் வாளியை இறக்கி, தண்ணீர் மொண்டு, வலது காலைக் கழுவினார். குதிகாலில் காய்ந்திருந்த சேறு போகவில்லை என்று ஒரு கல்லைத் தேடி எடுத்து, நிதானமாகத் தேய்த்து, தண்ணீர் விட்டுப் பார்த்து, திருப்தியாகி, இடது காலைக் கழுவ எடுத்து வைத்தார்.